வெள்ளிக்கிழமைப் பைகள்

கிள்ளான்
6 ஜனவரி 2025

அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நான்தான், சுகுமாறன். உங்க தங்கச்சி ராஜினியைக் கட்டினவன். ரெண்டு வருஷமா பேச்சில்லாததால மறந்திருப்பீங்களோனு இந்த அறிமுகம். என்னைவிட ரெண்டு வயசு சின்னவங்களை இருபத்தாறு வருஷமா அக்கானு கூப்பிட்டுப் பழகிப்போச்சு. ஒரு சண்டைக்காக அதை மாத்திக்க முடியல.

வாட்ஸ்அப்ல என்னை பிளாக் பண்ணி வச்சிருக்கீங்க. ராஜினிகிட்ட சொல்லி அனுப்பலாம்னா, "உங்க ரெண்டு பேருக்கும் நான் தபால்காரி இல்ல"னு முகத்துக்கு நேரா சொல்லிட்டா. அதனாலதான் பேப்பரும் பேனாவும். கொண்டு வர்றது நம்ம பைத் தொழிற்சாலை லோரி டிரைவர் ரெங்கசாமி. வாரா வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் குப்பைப் பை இறக்க வர்றவர்தான். உங்க பிளாட் செக்யூரிட்டி கார்டுகிட்ட கொடுத்துட்டுப் போவார். பிரிச்சுப் படிக்கமாட்டார். வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வரேன். கேரி தீவுல ஜெயராஜ்னு ஒருத்தர் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துல நாற்றங்கால் மேனேஜர். அவருக்கு ஒரு பை வேணும். நாற்று அதுல மூணு மாசம் வெயிலையும் தண்ணியையும் தாங்கி நிக்கணும். அப்புறம் பையோடயே மண்ணுல நட்டுடுவாங்க. அங்க அது சத்தமில்லாம மக்கிப் போயிடணும். கிழிச்சு எடுக்கிற வேலையும் மிச்சம், வேரும் அறுபடாது. செஞ்சு காட்டினா வருஷம் முழுக்க நம்மகிட்ட எடுப்பார்.

செய்யலைன்னா என்ன ஆகும்னும் சொல்லிடறேன். கடைக்காரங்க சாதா பிளாஸ்டிக் பையைக் கையில வாங்கவே யோசிக்கிறாங்க. ரவாங் ஊர்லேர்ந்து ஒருத்தர் என் மூணு மெஷினையும் விலைக்கு வாங்கப் பார்த்துட்டுப் போயிருக்கார். இந்த வருஷம் டிசம்பருக்குள்ள பதில் வேணுமாம். மெஷின் போனா, என்கூட இருக்கிற ஒன்பது பேரும் வேற வேலை தேடணும். எனக்குத் தெரிஞ்ச வேற வேலை, பேசறது மட்டும்தான். அதுக்கு ஆளெடுக்கிறதா விளம்பரம் எதுவும் கண்ணுல படல.

மக்குற பிளாஸ்டிக்கையும் மரவள்ளி மாவையும் கலந்து ஓட்டிப் பார்த்தேன். பை பூரா வெள்ளைப் புள்ளி. இழுத்தா நனைஞ்ச பேப்பர் மாதிரி வருது. சாம்பிள் இந்த உறையிலேயே இருக்கு. எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கள்ல பிளாஸ்டிக்குக்கு வைத்தியம் பார்க்கிறவங்க நீங்க ஒருத்தர்தான்.

பழைய விஷயத்தைப் பத்தி இதுல எதுவும் எழுதல. எழுதினா கடிதம் நீண்டுடும்.

இப்படிக்கு,
சுகுமாறன்

●

பிரிக்ஃபீல்ட்ஸ்
14 ஜனவரி 2025

சுகுமாறன்,

கடிதமும் சாம்பிளும் கிடைத்தன. கார்டு அந்த உறையை மீன் பார்சல் என்று நினைத்துப் படிக்கட்டில் வைத்திருந்தார்.

'பழைய விஷயம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். நான் முழுதாக எழுதுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் தைப்பூசத்தில், தண்ணீர்ப் பந்தலுக்கு மூவாயிரம் பைகள் நன்கொடை கொடுத்தீர்கள். அதில் முக்கால் பங்கு சாதாரண பிளாஸ்டிக், கால் பங்கு மாவு. மாவை மண் தின்றுவிடும், பிளாஸ்டிக் பொடிப்பொடியாகக் கிடக்கும். அந்தப் பையில் 'மண்ணில் கரையும்' என்று அச்சிட்டு, அதன் கீழே என் பெயரையும் டாக்டர் பட்டத்தோடு போட்டீர்கள். நான் கொடுத்திருந்த முறை அது இல்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. கோயில் மண்டபத்தில் நான் உண்மையைச் சொன்னேன். அதற்காக நீங்கள்தான் கோபித்துக்கொண்டு எழுந்து போனீர்கள்.

இனி உங்கள் பை. மாவு தண்ணீரை விரும்பும். நீங்கள் வாங்கியிருக்கும் பிளாஸ்டிக் தண்ணீரைத் தள்ளும். சும்மா கலந்து சூடாக்கினால் இரண்டும் தனித்தனிக் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். வெள்ளைப் புள்ளி என்பது அந்தக் கூட்டம். கிழிவது அவற்றின் எல்லையில்.

இதற்கு இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். மாவைக் கிளிசரின் விட்டுப் பிசைந்து இளக்க வேண்டும். பிறகு, இரண்டையும் இணைக்கும் மூன்றாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதுவும் மக்கும் பிளாஸ்டிக்தான், ஆனால் அதன் உடம்பில் மலேயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளைக் கொக்கி போல ஒட்டியிருப்பார்கள். கொக்கி மாவைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு பிளாஸ்டிக்கோடு கலந்துவிடும். நூறு பங்குக்கு மூன்று பங்கு போதும். என்னோடு படித்தவரின் ஆய்வுக்கூடத்தில் செய்து அனுப்புகிறேன்.

நிபந்தனைகள். பையில் என் பெயர் வரக்கூடாது. எந்த வாக்குறுதியும் அச்சிடக்கூடாது. தயாரித்த நாளும் கிழமையும் மட்டும் முத்திரை இருக்க வேண்டும். எழுதிக்கொடுத்த அளவை மாற்றக்கூடாது. நான் தொழிற்சாலைக்கு வரமாட்டேன்.

இருபத்திரண்டு வருடம் இதே கலவையைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். ஒரு பைகூட வெளியே போனதில்லை. உதவுவதற்கு அதுதான் காரணம், உறவு இல்லை.

ஜெயமாலா

●

கிள்ளான்
10 பிப்ரவரி 2025

அக்கா,

டின் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தா மஞ்சள் மணி. இதையா இவ்வளவு பத்திரமா அனுப்பினாங்கனு ரெங்கசாமிக்கு ஏமாற்றம். பணியாரம்னு நினைச்சாராம்.

நீங்க விளக்கினதை இங்க எல்லாருக்கும் நான் விளக்கினேன். ஒருத்தருக்கும் புரியல. அப்புறம் எங்க கல்யாணத்தைச் சொன்னேன். உங்க சிலோன்காரங்க எல்லாம் ஒரு பக்கம், எங்க எஸ்டேட்காரங்க எல்லாம் ஒரு பக்கம், நடுவுல ஒரு ஸ்டாண்டு ஃபேன். உங்க சித்தப்பா சிவசம்பு எங்க மாமாகிட்ட மூணு மணி நேரத்துல பேசினது ஒரே வார்த்தை, "புழுக்கம்". மாவும் பிளாஸ்டிக்கும் அப்படித்தான், நடுவுல ரெண்டு பக்கமும் கை பிடிக்கிற ஒரு தரகர் வேணும்னு சொன்னேன். உடனே புரிஞ்சிடுச்சு. இப்ப உங்க டின் மேல சாக்கட்டியில 'தரகர்'னு எழுதியிருக்கு. மூடியில, டின்ல இல்ல. அழிச்சிடலாம்.

மெஷினை ஓட்டுறது மலர். பத்தொன்பது வருஷமா என்கூட இருக்கா. அந்த மெஷின் அவ பேச்சைக் கேட்கும், நான் பக்கத்துல போனா நின்னுடும். முன்னெல்லாம் மாவு கலந்தா பலூன் மாதிரி மேல எழும்பற பிளாஸ்டிக் ஓட்டையாகிச் சரிஞ்சிடும். இந்தத் தடவை கூரை வரைக்கும் போச்சு. புள்ளியே இல்ல. மலர் கையைக் கட்டிக்கிட்டு அண்ணாந்து பார்த்துட்டு, "பொஸ், இது நீங்க செஞ்ச மாதிரியே இல்ல"ன்னா. அவ வாயில வர்ற பாராட்டு அவ்வளவுதான்.

திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் நாளுக்கு நூத்திருபது பை, மொத்தம் அறுநூறு. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் லேட்டாத்தான் தொடங்கும். மலர் தலைக்குக் குளிச்சிட்டு வந்து மெஷினுக்குப் பூசை போடுவா. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம், கட்டடம் பூரா சாம்பிராணி. அது முடியற வரைக்கும் பிசுக்கான எதையும் கையால தொடமாட்டா. என்கூடக் கை குலுக்கமாட்டா. அதுல நான் எந்த வகைனு கேட்டுக்கல.

பை எல்லாம் கேரி தீவு போயாச்சு. மண்ணு போட்டு விதை ஊனியாச்சு.

நாளைக்குத் தைப்பூசம். இந்த வருஷம் நான் எந்தப் பந்தலுக்கும் பை கொடுக்கல. மோர் மட்டும் கொடுக்கிறேன். மோர் மேல எதுவும் அச்சடிக்க முடியாது.

சுகுமாறன்

●

பிரிக்ஃபீல்ட்ஸ்
24 பிப்ரவரி 2025

சுகுமாறன்,

அது தரகர் இல்லை. தரகர் கல்யாணத்தோடு கிளம்பிவிடுவார். இது கடைசிவரை வீட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். மூடியை அழித்துவிடுங்கள்.

அந்த ஃபேனை அங்கே வைக்கச் சொன்னது நான். சித்தப்பாவுக்கு வியர்த்தது.

ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை டிகிரி, மாவு எந்த மூட்டை என்று எழுதி வையுங்கள். மேனேஜரிடம் வாரம் ஒருமுறை பைகளைக் கிழமைவாரியாக எண்ணச் சொல்லுங்கள்.

ராஜினி சனிக்கிழமை சாப்பிட வந்தாள். உங்கள் பெயரை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. நண்டு குழம்பு வைத்திருந்தேன். அதில் பாதியைக் கட்டித் தரச் சொன்னாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஜெயமாலா

●

கிள்ளான்
19 ஏப்ரல் 2025

அக்கா,

நண்டு நல்லா இருந்தது. அது எனக்குத்தான்னு யாரும் சொல்லல, நானாத்தான் எடுத்துக்கிட்டேன்.

நல்ல விஷயத்தை முதல்ல எழுதிட்டேன். இனி மிச்சம். ஒன்பதாவது வாரம் ஜெயராஜ் போன் போட்டார். "பொஸ், கொஞ்சம் வந்துட்டுப் போங்க"ன்னார். குரல்ல மரியாதை கூடியிருந்தது. அப்பவே லோரியை எடுக்கச் சொல்லிட்டேன்.

போய்ப் பார்த்தா, வரிசை வரிசையா பை அடிமூலையில பிளந்து மண்ணைக் கக்கிட்டு நிக்குது. நாற்றெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு, கல்யாண வீட்டுல விருந்து முடிஞ்ச மாதிரி. அறுநூறுல நல்லா நிக்கிறது நூத்திப்பதினெட்டு. அந்த நூத்திப்பதினெட்டும் ஒரே வரிசை. அத்தனையிலும் ஒரே முத்திரை. வெள்ளி.

அன்னைக்குச் செஞ்சதுல ரெண்டே ரெண்டுதான் போச்சு. அதுவும் ஆடு மிதிச்சது.

இங்க எல்லாருக்கும் காரணம் தெரிஞ்சுபோச்சு. சாம்பிராணி. ரெங்கசாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு இது முன்னமே தெரியும், நான்தான் டாக்டர் பின்னாடி அலையறேன்ங்கிற பார்வை. ஜெயராஜ் கிறிஸ்தவர், அவரே தனியாக் கூப்பிட்டு, "தினமும் அந்தப் பூசையைப் போட்டா செலவு கூடுமா"னு கேட்கிறார்.

இன்னொரு தடவை பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். அடுத்த விதை ஜூன்ல வருது. அதுவும் பிளந்தா அவர் பழைய கறுப்புப் பைக்கே போயிடுவார். ரவாங்காரர் போன வாரம் மறுபடி வந்து, கேட்காமலே மெஷினை அளந்துட்டுப் போனார். மலர் அவர் அளவு நாடாவையே முறைச்சுக்கிட்டு நின்னா.

நீங்க கேட்ட நோட்டுப் புத்தகம் இதோட வருது. என் கையெழுத்து, மன்னிக்கணும்.

சுகுமாறன்

●

பிரிக்ஃபீல்ட்ஸ்
26 ஏப்ரல் 2025

சுகுமாறன்,

சாம்பிராணி பிளாஸ்டிக்கையும் மாவையும் இணைக்காது. இப்படி ஒரு வாக்கியத்தை எழுத வேண்டிவரும் என்று நான் படித்த காலத்தில் யாரும் சொல்லவில்லை.

நோட்டைப் பார்த்தேன். சூடு ஒன்று, மூட்டை ஒன்று, அளவு ஒன்று. வெள்ளிக்கிழமையில் வேறாக இருப்பது ஒன்றே ஒன்று, நேரம். பூசை நடக்கும் ஒரு மணி நேரமும் மாவு உலர்த்தும் பெட்டியில் கூடுதலாக இருந்திருக்கும். ஆக, மற்ற நாட்களில் மாவு சரியாகக் காயவில்லை. ஈரம் சூட்டில் ஆவியாகி நுண்துளைகள் விழுந்திருக்கும்.

இனி எல்லா நாளும் எண்பது டிகிரியில் மூன்று மணி நேரம் உலர்த்துங்கள். கேரி தீவுக்கு அனுப்பும் முன் ஒரு சின்னச் சோதனை. பையைப் பத்து நாள் வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். எடுத்து ஈரமண் நிரப்பி, கையால் தூக்கி நாலு முறை உலுக்குங்கள். பிளக்காதது தேறும்.

இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஜெயமாலா

●

கிள்ளான்
20 மே 2025

அக்கா,

யோசிக்க இன்னும் கொஞ்சம் இருக்கு போல.

சொன்ன மாதிரியே எண்பது டிகிரி, மூணு மணி நேரம். பை அப்பளம் மாதிரி வருது. வாளி வரைக்கும் போகவே வேணாம், மடிக்கும்போதே விரியுது. வெள்ளிக்கிழமை பை மட்டும் பழைய மாதிரியே கும்முனு இருக்கு. பத்து நாள் ஊறின பிறகு நானே மண்ணை நிரப்பி உலுக்கினேன், என் தோள்தான் பிடிச்சுக்கிச்சு.

இதுக்கு மேல நான் ஒரு காரியம் செஞ்சேன். திட்டாதீங்க. ஒரு புதன்கிழமை மலரைப் பூசை போடச் சொன்னேன். அதே எலுமிச்சம்பழம், அதே சாம்பிராணி, அதே ஒரு மணி நேரம். அவளுக்கு இஷ்டமே இல்ல. "சாமியை டெஸ்ட் பண்றீங்களா பொஸ்"னு கேட்டா. இல்ல, பையைத்தான்னு சொன்னேன். புதன்கிழமை பை பிளந்துடுச்சு. இப்ப சாமி மேலயும் எங்க ஆளுங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. ரெங்கசாமி மட்டும், புதன்கிழமை சாமிக்கு லீவுங்கிறார்.

ஆக சாம்பிராணியும் இல்ல, நீங்க சொன்ன ஒரு மணி நேரமும் இல்ல. ரெண்டு பேரும் தோத்துட்டோம். உங்ககூட ஒரே பக்கம் நின்னு தோக்கறது இதுதான் முதல் தடவை. நல்லாத்தான் இருக்கு.

அந்த நூத்திப்பதினெட்டு நாற்றும் மூணு மாசம் முடிஞ்சு பையோட மண்ணுக்குள்ள போயாச்சு. அக்டோபர்ல தோண்டிப் பார்ப்பாராம்.

ஜூன் பாதிக்குள்ள பை வேணும். கடிதத்துல இதுக்கு மேல நகராது அக்கா. வரமாட்டேன்னு எழுதினீங்க, ஞாபகம் இருக்கு. இந்த வியாழன் வெள்ளி நான் பந்திங் டவுன்ல இருப்பேன். தொழிற்சாலையில இருக்கமாட்டேன். சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன்.

சுகுமாறன்

●

பிரிக்ஃபீல்ட்ஸ்
31 மே 2025

சுகுமாறன்,

அந்த வாரம் வர முடியவில்லை. இந்த வியாழக்கிழமை வந்தேன். நீங்கள் பாசார் சந்தையில் யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாகவும் உடனே திரும்பமாட்டீர்கள் என்றும் மலர் சொன்னாள். சொன்ன விதத்தில், அது தினமும் நடப்பது என்று புரிந்தது.

புதன்கிழமைப் பூசை சரியான சோதனை. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருக்கிறீர்கள். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு அது வந்ததில்லை. இதை எழுதாமல் விட்டால் நியாயமில்லை.

கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். நாலரை மணிக்கு மெஷினை நிறுத்தினாள். எல்லாரும் கைகழுவப் போனார்கள். அவள் மட்டும், ஏற்கெனவே உலர்த்திய மாவை நீல டிரம்மில் கொட்டி, கிளிசரின் ஊற்றி, முழங்கை வரை விட்டுப் பிசைந்தாள். ஈரத்துணி போட்டு மூடினாள். நாளைய வேலையை ஏன் இன்றைக்கே செய்கிறாய் என்று கேட்டேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை டாக்டர். குளிச்சிட்டு வந்து இதுல கைய விட்டா பிசுபிசுன்னு ஒட்டும். அதே கையால எப்படி ஊதுபத்தி புடிக்கிறது. அதான் இன்னைக்கே முடிச்சிடுவேன்."

"மற்ற நாள்?"

"மத்த நாள் காலையில பிசைவேன், உடனே மெஷின்ல கொட்டிடுவேன்."

புதன்கிழமைப் பூசைக்கு என்ன செய்தாய் என்றேன். பொஸ் காலையில் திடீரென்று சொன்னார், அதனால் பிசைந்த கையைக் கழுவிவிட்டுப் பூசை போட்டேன், அதுவே மனசுக்குச் சரியில்லை என்றாள்.

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன்.

"யாரு கேட்டா?"

உலர்த்தும் பெட்டியைப் பார்த்து நான் ஒரு பக்கம் எழுதினேன். நீங்கள் ஐந்து பக்கம் எழுதினீர்கள். அவள் நம் இருவருக்கும் நடுவில் பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டிருக்கிறாள்.

பதினைந்து மணி நேரம் ஊறும்போது மாவு கிளிசரினை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஊறி இளகிய மாவு சூட்டில் முழுதாக உருகிப் பரவுகிறது, கொக்கி பிடிக்க அதற்கு இடம் கிடைக்கிறது. ஊறாத மாவு வெளியே மட்டும் நனைந்து உள்ளே கட்டியாக நிற்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஒன்பது வாரத்தில் பிளக்கும்.

இனி என் பிழை. நான் எழுதித்தந்த குறிப்பில் 'கலக்கவும்' என்று மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாலையில் கலந்து வைத்துவிட்டு மறுநாள் காலையில்தான் ஓட்டுவோம். அது விஞ்ஞானம் இல்லை, ஐந்து மணிக்கு ஸ்டாஃப் வேன் கிளம்பிவிடும். இருபத்திரண்டு வருடத்தில் அதை ஒரு கட்டுரையிலும் எழுதவில்லை. அது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு நாளைக்கும் முந்தின நாள் மாலையிலேயே பிசையுங்கள். உலர்த்துவது பழையபடி ஒரு மணி நேரம் போதும்.

மற்றொன்று. அந்தத் தைப்பூசத்தில் நான் சொன்னது சரி. மைக்கில் சொன்னது சரியில்லை. அது ஆன் ஆகியிருந்தது எனக்குத் தெரியும்.

ஜெயமாலா

●

கிள்ளான்
18 ஜூன் 2025

அக்கா,

உங்க கடிதத்தைத் தொழிற்சாலையில சத்தமா படிச்சேன், கடைசிப் பத்தியைத் தவிர. அதை மடிச்சுச் சட்டைப் பையில வச்சிருக்கேன்.

மலர் கேட்டுட்டு, "அவ்வளவுதானா"ன்னா. அவளுக்கு ஏமாற்றம்தான். சாமி காரியம்னு நினைச்சுக்கிட்டு இருந்தா, அது மாவு ஊறுற காரியமாப் போச்சு. வெள்ளிக்கிழமைப் பூசையை நிறுத்தப் போறதில்லைன்னும் சொல்லிட்டா. மெஷின் பழுதாகாம இருக்கிறதே அதனாலதானாம். அதை நான் டெஸ்ட் பண்ணப் போறதில்ல.

அந்தப் பையைப் பத்தி நானும் சொல்லணும். நீங்க கொடுத்த முறையில நான் செஞ்சு பார்த்தேன். நூறு பை தேறல. தைப்பூசத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, கோயில் தலைவர் பழனியப்பன்கிட்ட மூவாயிரம் பை தரேன்னு வாயை விட்டிருந்தேன். அதனால கையில இருந்த சாதா பிளாஸ்டிக்ல மாவைத் தூவி ஓட்டிட்டேன். அது மக்காதுனு எனக்குத் தெரியும். 'மண்ணில் கரையும்'னு அச்சடிச்சதோட விட்டிருந்தா ஒரு பொய்யோட போயிருக்கும். உங்க பேரைப் போட்டு அதை ரெண்டாக்கிட்டேன்.

போட்டது விக்கிறதுக்கு இல்ல. எங்க வீட்டுல ஒரு டாக்டர் இருக்காங்கனு எல்லாரும் கையில தூக்கிக்கிட்டுப் போகட்டும்னு ஒரு ஆசை. எஸ்டேட்டுப் பையனுக்கு இந்த வியாதி உண்டு. நீங்க மைக்ல பேசினப்போ மூவாயிரம் பேர் கையில அந்தப் பேர் இருந்தது. தப்புதான் அக்கா. இதை எழுத ரெண்டு வருஷமும் நாலு பேனாவும் ஆச்சு.

வாளிச் சோதனை தேறி, புதுப் பை அறுநூறு கேரி தீவுக்குப் போயாச்சு. எல்லாக் கிழமையும் இருக்கு. இனி செப்டம்பர் வரைக்கும் உங்களுக்கு எழுத ஒண்ணும் இல்ல. ஜெயராஜ் தண்ணி ஊத்துவார், நான் நகம் கடிப்பேன்.

இந்தப் பை தேறினா அதுல என்ன அச்சடிக்கலாம்? இந்தத் தடவை கேட்டுட்டேன்.

சுகுமாறன்

●

கிள்ளான்
14 அக்டோபர் 2025

அக்கா,

முதல்ல கணக்கு. அறுநூறு பை, மூணு மாசம். நிக்கிறது ஐநூத்தித் தொண்ணூத்தொண்ணு. மிச்சம் ஒன்பதுல திங்களும் இருக்கு, வெள்ளியும் இருக்கு. சாமி யாருக்கும் சலுகை காட்டல.

நேத்து ஜெயராஜ் கூப்பிட்டார். அந்த நூத்திப்பதினெட்டுல பத்து மரத்தடியில தோண்டிப் பார்க்கப் போறோம்னார். மலரையும் கூட்டிக்கிட்டுப் போனேன். பத்தொன்பது வருஷத்துல அவ செஞ்ச பை எங்க போய்ச் சேருதுனு அவ பார்த்ததே இல்லையாம். வழி பூரா லோரியில முன்சீட்டு. ரெங்கசாமி வாயைத் திறக்கவே இல்ல, அவளுக்குத் தெரியாத சாமிக் கதை எதுவும் அவர்கிட்ட மிச்சமில்லைங்கிறதால.

தோண்டினோம். வேர் இருந்தது, மண்ணு இருந்தது, ஒரு நத்தை இருந்தது. பை இல்ல. ஜெயராஜ் கையால மண்ணை உதிர்த்து உதிர்த்துப் பார்க்கிறார். மாத்தி வேற இடத்துல தோண்டிட்டோமோனு அவருக்கே சந்தேகம். ஏழாவது மரத்தடியில மலர்தான் கண்டுபிடிச்சா. வேர் மேல ஒட்டிக்கிட்டு நகம் அளவுல ஒரு சருகு. கழுவிப் பார்த்தா எழுத்து. 'வெள்ளி'.

பை பூரா போயிடுச்சு அக்கா, முத்திரை மட்டும் நின்னுடுச்சு. லோரியில திரும்பி வரும்போது ரெங்கசாமி அன்னைக்கு முதல் தடவையா வாயைத் திறந்தார். "நான் எதுவும் சொல்லல"ன்னார்.

ஜெயராஜ் வருஷம் பூரா எடுத்துக்கிறதா எழுதிக் கொடுத்துட்டார். ரவாங்காரருக்குப் போன் போட்டு, மெஷின் இல்லைன்னு சொல்லிட்டேன். அளந்த கணக்கு என்ன ஆறதுனு கேட்டார். ஞாபகத்துக்கு வச்சிக்குங்கன்னேன். ராஜினிகிட்ட சொன்னதும் நேரா அடுப்படிக்குப் போய்ட்டா. கொஞ்ச நேரத்துல முறுக்கு பிழியற சத்தம் கேட்டது. அஞ்சு கிலோ மாவு. வீட்டுல நாங்க ரெண்டே பேர்.

அந்தச் சருகை இந்த உறையில வச்சிருக்கேன். உங்களுக்குத்தான் சேரணும்.

திங்கள் தீபாவளி. ஃபேன் புதுசு வாங்கியிருக்கேன்.

சுகுமாறன்

●

பிரிக்ஃபீல்ட்ஸ்
17 அக்டோபர் 2025

சுகுமாறன்,

சருகு கிடைத்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நிற்பது பை இல்லை, மை. சாதாரண மை, அதற்கு மக்கத் தெரியாது. பையைப் பற்றியே பத்து மாதம் பேசினோம், அதன் மேல் போடுவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான். மையை மாற்ற வேண்டும். சோயா எண்ணெயில் செய்த ஒன்று இருக்கிறது, விசாரித்து எழுதுகிறேன். எழுதத் தேவையில்லை, வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்குப் போட்டிருந்த பிளாக்கை எடுத்துவிட்டேன். காலையில் வணக்கப் படங்கள் அனுப்ப வேண்டாம்.

இருபத்திரண்டு வருடக் கட்டுரைகளோடு அந்தச் சருகையும் கோப்பில் வைத்தேன். மற்றதெல்லாம் தாள்.

திங்கட்கிழமை பதினொரு மணி ரயிலில் வருகிறேன். ராஜினியிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், அவளுக்கு நானே போன் செய்கிறேன். ஃபேனை நடுவில் வைக்காதீர்கள். சுவரோரம் போதும்.

பையில் என்ன அச்சிடலாம் என்று ஜூனில் கேட்டீர்கள். மறக்கவில்லை, தேறட்டும் என்று இருந்தேன். 'மூன்று மாதம் தாங்கும்' என்று போடலாம். அது நாம் எண்ணிப் பார்த்தது. மண்ணில் என்ன ஆகும் என்பதை இன்னும் நூறு மரத்தடியில் தோண்டிய பிறகு போடலாம். என் பெயர் வேண்டாம். யார் பெயராவது போட்டே ஆக வேண்டும் என்றால் மலரின் பெயரைப் போடுங்கள். ஆனால் முதலில் அவளிடம் கேளுங்கள். கேட்டால் சொல்வாள்.

ஜெயமாலா